பத்து ரவை

பெர்த்துக்குக் குடிபெயரும் ஒலிவேரோ
மூன்று பொருள்களை விற்றார்:
ஒரு பியானோ, ஒரு மீன்தொட்டி,
நெம்பிச் சுடும் இந்தப் பழைய துப்பாக்கி.
பியானோ முதலில் போயிற்று.

ஆயிரத்து எண்ணூறு வெள்ளி.
அதற்குப் பிறகு காகிதங்கள்.
இதற்குப் போட்ட கையெழுத்தில் பாதிகூட
என் கல்யாணத்துக்குப் போடவில்லை.
எதற்காக வேண்டும் என்ற கட்டத்தில்
இலக்குப் பயிற்சி என்று எழுதினேன்.
பொய்யில்லை.
கட்டம் சின்னது.

நான் மின்தூக்கி பழுதுபார்ப்பவன்.
பூட்டு, வில், கொக்கி, எதிரெடை,
ஒன்று நகர்ந்தால் மற்றது எங்கே போய் நிற்கும் என்று
விரலுக்குத் தெரியும்.
விசையைச் சுற்றிய வளையத்தை
முன்னே தள்ளிப் பின்னே இழுத்தேன்.
நூற்றுப் பத்து வயது இரும்பு
கதவைத் திறந்தது, ஆளை ஏற்றியது, கதவை மூடியது.
தோ பாயோவிலிருந்து பொங்கோல்வரை
எந்தப் புளோக்கிலும்
இத்தனை சுத்தமாய் ஒரு கதவு மூடி
நான் கேட்டதில்லை.

அடிக்கட்டையில் ஏழு கீறல்கள்.
புலியா என்றேன்.
ஒலிவேரோ கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
கிளப் அலமாரியின் கம்பி, என்றார்.
வைக்கும்போதெல்லாம் உரசும்.
ஏழாவதுக்குப் பிறகுதான் பஞ்சு ஒட்டினேன்.

பக்கவாட்டில், சேணத்தில் மாட்ட ஒரு வளையம்.
கிராஞ்சியிலேயே குதிரை ஓடாத காலத்தில்
அது சும்மா ஆடுகிறது
ஒற்றைக் கடுக்கன் மாதிரி.

வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வராது.
கிளப்பின் இரும்பு அறையில்
பதினாலாம் இடத்தில் சங்கிலியோடு நிற்கும்.
என் பொருளைப் பார்க்க
நான் பெயர் எழுதி, நேரம் எழுதி, உள்ளே போக வேண்டும்.
"அந்தக் காசுக்கு ஒரு சோபா வந்திருக்கும்.
உட்காரவாவது செய்யலாம்"
என்றாள் அருள்மேரி.

சனிக்கிழமை. மழை வந்துபோன தகரக்கூரை.
சுடுதளத்தைக் கவனிக்கும் சிபகதுல்லா
மேசைமேல் எண்ணி வைத்தார்.
"பத்து ரவை. பத்துக் கூடும் திரும்பி வரணும்."

முதலாவது எங்கே போனதென்றே தெரியவில்லை.
இரண்டாவது இடப்பக்கம், கீழே.
மூன்றாவதில் தோள்
தன்னை யார் இடித்தது என்று கேட்டது.
நெம்ப நெம்ப வெறுங்கூடுகள்
தலைக்குமேல் எகிறிச்
சிமென்டில் சில்லறையாய்ச் சிதறின.
ஆறாவதில் கழுத்தருகே ஏதோ கடித்தது.
எறும்பென்று விட்டுவிட்டேன்,
அந்த ஆறாவதுதான்
கறுப்பு வட்டத்தின் நடுவில் இருந்தது.

கூடுகளை எண்ணினோம். ஒன்பது.
மறுபடியும் ஒன்பது.

சிவப்பு விளக்கு.
ஆறு தடத்திலும் துப்பாக்கிகள்
வாய் பிளந்து படுத்தன.
ஒரு பல் மருத்துவர், இரண்டு வங்கிக்காரர்கள்,
சடையில் ரிப்பன் கட்டிய ஜூனியர் கல்லூரிப் பெண்,
எல்லோரும் முட்டிபோட்டுத்
தரையைத் தடவினார்கள்.
திட்டுவார்கள் என்று காத்திருந்தேன்.
ஒருவரும் திட்டவில்லை. அது இன்னும் மோசம்.

மேசையில் என் கைபேசி அதிர்ந்தது.
சிபகதுல்லா திரையைப் பார்த்தார்.
பிறகு என்னைப் பார்த்தார்.

"ரவை தீர்ந்துபோச்சு.
வரும்போது அரைக் கிலோ வாங்கி வாங்க."

"அரைக் கிலோவுக்கு" என்றார், முகம் மாறாமல்,
"தனி லைசென்ஸ் எடுக்கணும், அண்ணே."

சிரிக்கப்போய் வயிற்றை உள்ளிழுத்தேன்.
பனியனுக்கும் பெல்ட்டுக்கும் நடுவிலிருந்து
என் உடம்புச் சூட்டோடு
நழுவி விழுந்தது பத்தாவது.

இரவு, கழுத்தில் பிறைபோல ஒரு தழும்பு.
அருள்மேரி பற்பசை தடவினாள்.
காரணம் கேட்டாள், சொன்னேன், நம்பவில்லை.
பொட்டலத்தைப் பிரித்து டப்பாவில் கொட்டினாள்.
தரையில் கொஞ்சம் சிந்தியது.

முட்டிபோடப் போன என்னை
ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.