ஐம்பத்திரண்டு மில்லிமீட்டர்

ஸ்கிப்டன் ஊர் மண்டபம். செப்டம்பர் மழை.
நடுவர் தேர்வின் கடைசிப் பகுதி:
பந்துபோல் உருண்ட குட்டி டேலியாக்கள்,
ஜாடிக்கு ஐந்து.
என் கையில் ஒரு பித்தளை வளையம்.
பூவின் தலைவழியே இறக்கினால்
இதழ் எதிலும் இடிக்காமல் காம்புவரை போகவேண்டும்.
போகாவிட்டால் கடைசிப் பரிசுகூட இல்லை,
அட்டையில் இரண்டே சொல்:
விதிப்படி இல்லை.

வளையல்காரர் என்றால்
கையைக் குவி தாயி என்பார்,
சோப்பு தடவுவார்,
எலும்பைக் கொஞ்சம் ஏமாற்றி
ஏற்றிவிடுவார்.
பூவை எப்படிக் குவியச் சொல்ல?

மூன்றாவது ஜாடி. கருஞ்சிவப்பு.
தேனடைபோல் வரிசை பிசகாத இதழ்கள்.
மண்டபத்திலேயே அழகு அதுதான்.
என்னைச் சோதிக்க வந்த மிஸஸ் ஆக்ராய்ட்
முகத்தில் ஒன்றும் காட்டாமல் நின்றார்.
நான்கில் இறங்கியது.
ஐந்தாவதின் இடுப்பில்
ஓர் இதழ், ஒரே இதழ்,
தடுத்தது.
மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி இறக்கினேன்.
பிறகு எழுதினேன்.

மாலையில் பெயர்ச்சீட்டுகளைத் திருப்பினார்கள்.
காலையில் என்னைத் தன் காரில்
ஏற்றி வந்த கிளிஃப் ஹோல்ட்ஸ்வொர்த்.

திரும்பும்போதும் அதே கார்.
பின்சீட்டு வாளியில் ஐந்தும் குலுங்கின.
நான் தேறிவிட்டேன் என்ற கடிதம்
என் மடியில், உறைக்குள்.
கீத்லி தாண்டியும் பேச்சில்லை.
வைப்பரைப் பார்த்தபடியே சொன்னார்:
"காலை ஆறு மணிக்கு அளந்தேன்.
நுழைந்தது.
வழியில் வளர்ந்திருக்கிறது, கழுதை."

வரும்போது ஹீட்டர் போடச் சொன்னது நான்.
இப்போதும் குளிரெடுத்தது.
வாயைத் திறக்கவில்லை.