தையல் வெளிப்பக்கம்

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்.
அவிநாசி தாண்டும்போது விடிந்துவிடும்.
மடியில் மஞ்சப்பை,
பைக்குள் பதினோரு பனியன்.
கட்டிங் டேபிளில் மிஞ்சின துணி,
சூப்பர்வைசர் பார்த்தும் பார்க்காத துணி.

கோயமுத்தூர்ப் பெரியாஸ்பத்திரி. தீக்காய வார்டு.
பத்து மணிக்கு உள்ளே கட்டுப் பிரிப்பார்கள்.
புதிதாக வந்தவர்கள் கதவைப் பார்த்தபடி நிற்பார்கள்.
பழகினவர்கள் குழாயை முழுசாகத் திறந்துவிட்டு
கழுவின சொம்பையே கழுவிக்கொண்டிருப்பார்கள்.
நானும் கழுவியிருக்கிறேன்,
அறுபத்திரண்டு நாள்.

எப்படி ஆச்சு?
அந்தத் தகப்பனை எல்லாரும் கேட்டுவிட்டார்கள்.
டாக்டர் கேட்டார். போலீஸ்காரர் எழுதிக்கொண்டார்.
ஊரிலிருந்து ஆரஞ்சோடு வந்த மச்சான்
ரெண்டு தரம் கேட்டார்.
ஒவ்வொரு தரமும் அவர்
வெந்நீர்ப் போசியை அடுப்பிலிருந்து இறக்குகிறார்.
ஒவ்வொரு தரமும் பையன்
பந்தைத் துரத்திக்கொண்டு வருகிறான்.

நான் கேட்கமாட்டேன்.
"சோறு உண்டீங்களா?" என்பேன்.
தலை மட்டும் ஆடும், இல்லையென்று.
"கீழ கேண்டீன்ல பதினொண்ணுக்கு மேல
ஒண்ணும் கெடைக்காதுங்க.
போய்ட்டு வாங்க, நான் இங்கயேதான் இருப்பனுங்க."

போகமாட்டார்.
முதல் வாரம் யாரும் போவதில்லை.
போன நேரம் பார்த்து
அப்பா என்று கூப்பிட்டுவிட்டால்?

பெயர் சம்பத்குமார். சூலூர்ப் பக்கம் விசைத்தறி.
சட்டைக் கையில் இன்னும் பஞ்சு ஒட்டியிருந்தது.
பையன் தர்ஷித், நாலு வயசு,
இடது தோளும் கழுத்தும்.

கழுத்து என்றதும் சொல்ல வேண்டியதாயிற்று:
தலையணை வைக்காதீங்க.
நர்ஸ் சொல்வார்கள், நீங்களும் சரியென்பீர்கள்.
ராத்திரி ரெண்டு மணிக்குத்
துண்டை மடித்துக்கொண்டு
கை தானாகப் போகும்.
எனக்குப் போனது.
சேலையை நாலாக மடித்து வைத்தேன்,
பாசமாகத்தான் வைத்தேன்.
மகளுக்குத் தாடை கீழே இழுத்துக்கொண்டு
இன்னொரு ஆபரேஷன்.
என் வீட்டுக்காரருக்கு இது தெரியாது.
இந்த வராந்தாவில் முப்பது பேருக்குத் தெரியும்.

அப்போதுதான் அவர் என் முகத்தைப் பார்த்தார்.
"அவங்கம்மா என்னோட பேசறதில்லீங்க."

அதற்கு என்னிடம் பதில் கிடையாது.
பனியன் இருந்தது. எடுத்துக் கொடுத்தேன்.

விரித்துப் பார்த்தார்.
தறிக்காரர் அல்லவா, விரல் நேராகத் தையலுக்குப் போனது.
"மாத்தித் தெச்சுட்டீங்களாட்டம் இருக்குதுங்க."
"இல்லீங்க. தையல் வெளியதான் இருக்கோணும்.
புதுத்தோலு, உள்ள ஒரு நூல் பட்டாலும் உறுத்தும்."
"பாக்கறதுக்கு..."
"பாக்கறவங்களுக்கு ஒண்ணும் வேகலீங்க."

சொன்ன பிறகு கொஞ்சம் கூசியது.
அவர் சிரிக்கவில்லை, கோபப்படவும் இல்லை.
தோள்பட்டையில் வைத்திருந்த நாடாவை
ஒரு தரம் முடிந்து பார்த்தார், அவிழ்த்தார்,
மறுபடி முடிந்தார்.

தூண் பக்கம் ஒடிசாக்காரப் பெண்,
மில் குடியிருப்பிலிருந்து வந்தவள்.
எங்களுக்குள் மூன்றே வார்த்தை:
முட்டை, தண்ணி, நாளைக்கு.
அளவு எப்படி என்று கையால் கேட்டேன்.
தன் முழங்காலுக்குக் கொஞ்சம் மேலே
காற்றில் ஒரு தலையைத் தொட்டுக் காட்டினாள்.
அந்த உயரத்திலேயே
கை நின்றுவிட்டது.
நான் போய்ப் பிடித்து இறக்கினேன்.

திரும்பினால் சம்பத்குமாரைக் காணோம்.
செருப்பையும் காணோம்.
சாப்பிடத்தான் போயிருக்கிறார்.

அவர் பயந்தபடியே ஆயிற்று.
ரெண்டே நிமிஷம்.
நர்ஸ் தலையை நீட்டி,
"தர்ஷித் அப்பா யாரு? கூப்படறான்" என்றார்.

எழுந்து கதவிடுக்கில் வாயை வைத்து,
"அப்பா இட்டிலி உண்ணப் போயிருக்காரு கண்ணு,
இப்ப வந்துருவாரு" என்றேன்.

சத்தமில்லை.
டிராலிச் சக்கரம் மட்டும் எங்கோ கிறீச்சிட்டது.
அப்புறம் உள்ளேயிருந்து,
அழுது தேய்ந்த குரலில்:

"எத்தன இட்டிலி?"