அரை அங்குலம்

எம்.சி. ரோட்டுக்குப் பின்சந்தில் என் ஃப்ரேம் கடை.
பீச் பக்கத்து ஓட்டல் ஒன்றின் ஆர்டர்:
பதினான்கு படம், எல்லாம் ஹாலந்து,
நூற்றைம்பது வருஷத்துக்கு முந்திய வயல்கள்.
காபி ஷாப் சுவருக்காம்.

பதினொன்றாவதில் ஒருத்தி
உருளைக்கிழங்கு தோண்டுகிறாள்.
முதுகுதான் படம்.
மேலே கொஞ்சம் வானம், துலக்காத அலுமினியச் சட்டியின் நிறத்தில்.
முகம் முக்காட்டுக்குள் போய்விட்டது.

கண்ணாடி கொண்டுவந்த கன்னியப்பன்
மீன்பாடி வண்டியை ஓரங்கட்டிவிட்டுத் தண்ணீர் கேட்டான்.
குடித்துக்கொண்டே பார்த்தான்.
கொருக்குப்பேட்டை கூட்ஸ் ஷெட்டில்
ஆக்ரா உருளை மூட்டை இறக்கிய பதினாறு வருஷம்
அவன் பிடரியில் ஒரு காய்ப்பாக இருக்கிறது.

"மம்புட்டிப் புடி ஏன் இத்தினிக்கூண்டு கீது?
அதான் முதுகு இப்டி.
புடியில மிச்சம் புடிக்கிறான் ஓனரு."

பிறகு கூடை.
"ரொம்பவே இல்ல பாரு. பொழுது சாயுது, பாதிகூட ரொம்பல."

நான் பழுப்பைப் பற்றிச் சொன்னேன்.
மண்ணையும் அவள் பாவாடையையும்
ஒரே வண்ணத்தில் குழைத்திருக்கிறான், அதுதான் கலை என்றேன்.

"வேற பாவாட இருந்திருக்காது."

டம்ளரைக் கவிழ்த்துவிட்டுக் கேட்டான்:
"இவள நிக்க வெச்சி வரைஞ்சானே, அந்த நேரத்துக்குக் கூலி குடுத்தானா?"

தெரியாது என்றேன்.

"மேஸ்திரி புடிச்சிருப்பான்" என்றான்,
படத்திடம்தான் சொன்னான்.

அப்புறம் வண்டியிலிருந்து கண்ணாடியை
ஒவ்வொன்றாய் இடுப்போடு அணைத்துத் தூக்கி வந்தான்.
அதில் சந்து முழுக்க நடந்து வந்தது:
கேபிள் ஒயர், இஸ்திரி வண்டி, மெட்ரோ பாலத்தில் ஒரு துண்டு.
தூக்கினவன் மட்டும் தெரியவில்லை.

ஓட்டல் கொடுத்த அளவுக்குப் படம் அரை அங்குலம் கூடுதல்.
மவுண்ட் எங்காவது மூடியாக வேண்டும்.
வழக்கமாகக் கீழே இறக்கிவிடுவேன்.
காலைக் காணோம் என்று
இதுவரை யாரும் திரும்பி வந்ததில்லை.

இவளுக்குக் கட்டைச் செருப்பு.
இடது செருப்பின் மூக்கில் சேறு,
ஒரே ஒரு தீற்றலில், ஈரம் காயாமல்.
ஸ்கேலை எடுத்தேன், வைத்தேன், எடுத்தேன்.
அட்டையை மேலே ஏற்றி ஆணி அடித்தேன்.

அடுத்த வாரம் மேனேஜர் போன்:
"பதினொண்ணுல வானமே இல்லையே?"

அவள் எங்கே சார் அதைப் பார்த்தாள்
என்று நான் கேட்கவில்லை.

பில்லில் பத்து பர்சென்ட் பிடித்துக்கொண்டார்கள்.