லோடு எடுக்காத லைன்

குடல் முறுக்கி, வெட்டித் தைத்து மூன்றாம் நாள்.
காரைக்குடி அரசு மருத்துவமனை, ஆண்கள் வார்டு,
ஜன்னலோரக் கட்டில். மூக்கில் ஒரு குழாய்.
டாக்டர் உமையாள் ஸ்டெத்தை வயிற்றில் வைத்துக்
கைக்கடிகாரம் பார்க்கிறார்.
ஒரு நிமிடம். இரண்டு.
இருபத்தாறு வருஷம் கம்பத்தில் காது வைத்தவன் நான்.
அந்த முகம் எனக்குத் தெரியும்:
டெட் லைன்.

"டெட் இல்ல, சேவுகன்.
கரண்டு ஓடிக்கிட்டுதான் இருக்கு.
தசைதான் எடுக்க மாட்டேங்குது."

சப்ளை உண்டு, லோடு எடுக்கவில்லை.
இதை முதலிலேயே சொல்லியிருக்கலாமே அம்மா.

இரைப்பைக்கு நிமிடத்துக்கு மூன்று அலையாம்.
சிறுகுடல் தொடக்கத்தில் பன்னிரண்டு,
கீழே போகப் போக எட்டு.
புதுவயல் கடைசி அரிசி மில்லில்
சாயங்காலம் வோல்டேஜ் விழுமே, அப்படியா என்றேன்.
வோல்டேஜ் இல்லை, வேகம், என்று திருத்தினார்.
அலையை அடிப்பது தசையே இல்லை.
தசைக்கு நடுவே கை நீட்டிக் கிடக்கும் சின்னச் செல்கள்
குளோரைடை வெளியே விட்டு விட்டுத் தாளம் போடும்.
அலை உச்சிக்கு ஏறினால் கால்சியக் கதவு திறக்கும்,
திறந்தால் தசை சுருங்கும்.
ஏறாவிட்டால்
அலை வரும், போகும், ஒன்றும் நகராது.

கம்பி இல்லை. செம்பு இல்லை. அலுமினியம் இல்லை.
கஞ்சியில் போடுகிற உப்பு
கதவு கதவாய் நுழைந்து வெளியேறுவதுதான்
கரண்டாம்.
அறுபது மில்லிவோல்ட்.
என் டெஸ்டர் அதற்குக் கண்கூடச் சிமிட்டாது.

பொட்டாசியம் ரெண்டு புள்ளி ஆறு.
வாந்தியில் போனதை பாட்டிலில் ஏற்றினார்கள்.
மிளகாய் அரைத்த கையாய் நரம்பு எரிந்தது.
வேகமாக விட்டால் இதயம் நின்றுவிடும் என்று
ஆரோக்கியமேரி திருகைத் திருகிச் சொட்டைக் குறைத்தார்.
ஃப்யூஸ் தாங்குவதற்கு மேல் ஏற்றக் கூடாது,
அது எனக்குத் தெரியாதா.

சாயங்காலம் எதிர்க் கட்டிலில்
வெள்ளைப் பணியாரம் பிரித்தார்கள்.
மிளகாய்ச் சட்னி வாசம்
மூக்குக் குழாயைச் சுற்றிக்கொண்டு உள்ளே வந்தது.
வயிறு அசையவில்லை.
கத்தி வைத்தபோது பயப்படாதவன்
அப்போது பயந்தேன்.

இரவு இரண்டே முக்காலுக்கு இருட்டு.
காற்றில்லை, மழையில்லை.
ஃபேன் கடைசிச் சுற்றுச் சுற்றி நின்றது.
வெளியே ஜெனரேட்டர் இருமியது, பிடிக்கவில்லை.
தலையணைக்கு அடியில் போன் துடித்தது.
புதுப் பையன் இன்னாசி.
"அண்ணே, கோட்டையூர் ஃபீடர் டிரிப்பு.
திரும்பப் போட்டா நிக்க மாட்டேங்குது."
"மொத்தமாப் போடாதே. பாதியாப் பிரி.
முதல் பாதியை மூடிப் பாரு, நின்னா அடுத்த..."
என்று சொல்லும்போதே
வலது பக்கம், உள்ளே,
கண்மாய் மடையை ஒரு விரல் தூக்கினதுபோல்
ஒரு முனகல்.

பேச்சை நிறுத்தினேன்.
"அண்ணே, லைன்ல இருக்கீங்களா?"
இருடா.
இன்னொன்று. நீளமாக. கீழ்நோக்கி.
பிறகு வந்தது,
பதினான்கு கட்டிலுக்கும் கேட்கும்படி.

வள்ளிக்கண்ணு வாயைப் பொத்திக்கொண்டு
அழுதாளா சிரித்தாளா, இருட்டில் தெரியவில்லை.
எதிர்க் கட்டில்காரர், "யாருய்யா அது?"
"சப்ளை வந்திருச்சு" என்றேன்.
"இங்க இன்னும் வரலண்ணே"
என்றான் இன்னாசி.