தொட்டல்லாவில் தோண்டிய குழி

அஞ்செட்டியில் பஸ் இறங்கியதிலிருந்து
முனிரத்னம் வாயை மூடவில்லை.
டிராக்டர் பேட்டரி விற்கிறவன்.
வழியெல்லாம் எனக்கும் விற்றுக்கொண்டே வந்தான்:
ஓசூரில் வாங்கப்போகும் மனையை,
மச்சினன் ஏமாற்றிய கதையை,
தள்ளுபடியில் கிடைத்த கூடாரத்தை.
மூங்கில் புதரிலிருந்த இரண்டு காட்டுக்கோழிகள்
கேட்டுப் பார்த்துவிட்டு
வேறு புதருக்குப் போயின.

சித்திரையில் தொட்டல்லா
பெயரளவுக்குத்தான் ஆறு.
"மணல்ல படுக்காதீங்க, மேட்டுக்குப் போயிடுங்க"
என்று வாட்சர் கெம்பையா சொல்லியிருந்ததால்
புளியமரங்களைத் தாண்டி, பாறைமேல் கூடாரம்.
தண்ணீருக்கு மட்டும் இறங்கி
சாப்பாட்டுத் தட்டால் தோண்டினோம்.
முழங்கை ஆழத்தில் ஈரம்.
இன்னும் ஒரு சாண் போனதும்
கலங்கலாக ஒரு குவளை.
தட்டை அங்கேயே மறந்துவிட்டு ஏறினோம்.

இரவு பதினொன்று இருக்கும்.
வீட்டுக்கடன் வட்டியை விளக்க ஆரம்பித்தவன்
வட்டியின் பாதியில் நின்றான்.
தூங்கிவிட்டான் என்று நினைத்தேன்.
இல்லை.
விரல் பதிய என் தோளைப் பிடித்திருந்தான்.

கீழே மணலில்
நிலா காட்டியது கொஞ்சம்தான்.
ஒரு பெரிய இருட்டு,
அதன் வயிற்றடியில் ஒரு சின்ன இருட்டு.
பெரியது முன்காலால் மணலை உதைத்து உதைத்து
எங்கள் குழியையே அகலமாக்கியது.
பிறகு காத்திருந்தது, ஊறட்டும் என்று.
அப்படி ஒரு காத்திருப்பை
எந்த ஆபீஸ் வரிசையிலும் நான் பார்த்ததில்லை.
குட்டிக்கு முதலில்.
ஒரு உறிஞ்சல், ஒரு சிந்தல்.
பாறைவரை கேட்டது
ஏற்றத்தில் திணறும் லாரிபோல
ஒரு வயிற்று உறுமல்.

காற்று திரும்பியது.
தலை உயர்ந்தது.
துதிக்கை எங்கள் பக்கம் வளைந்து நின்றது.
வியர்வை, பனியன், பூண்டு ஊறுகாய்,
முனிரத்னத்தின் தலை எண்ணெய்
எல்லாவற்றையும் ஒருதரம் படித்தது.
பயத்தில் எனக்கு நாக்கு
மேலண்ணத்தோடு ஒட்டிக்கொண்டது.
அது மறுபடி தண்ணீருக்குக் குனிந்தது.

அவ்வளவுதான் நாங்கள்.

எப்போது போயின, தெரியாது.
பார்த்துக்கொண்டே இருந்த இருட்டு
ஒரு கட்டத்தில் வெறும் இருட்டாக இருந்தது.

விடிந்ததும் இறங்கினோம்.
தட்டளவு குழி இப்போது தொடையளவு ஆழம்.
அடியில் தெளிந்த நீர்.
மிதிபடாத தட்டு,
அதன் பக்கத்திலேயே அதைவிட அகலமான பாதம்,
அந்தப் பாதத்துக்குள் இன்னொரு குட்டிப் பாதம்.
முனிரத்னம் மண்டியிட்டு
கெட்டிலை முக்கினான்.
குடிக்கலாமா என்று அவன் கேட்கவில்லை.
கருப்பட்டிக் காப்பியில் கொஞ்சம் மணல்,
கொஞ்சம் சாண வாசம்.

அஞ்செட்டிக்கு எட்டு கிலோமீட்டர்.
ஒரு வார்த்தை பேசவில்லை.
மைனாக்கள் பேசின, நாங்கள் கேட்டோம்.
பஸ் ஸ்டாண்டில் டிக்கெட்டுக்குச் சில்லறை எண்ணும்போதுதான்
மெதுவாகச் சொன்னான்:

"அந்த மனை வேணாம்டா.
ஆயிரம் அடி போர் போட்டும்
அங்க தண்ணி இல்லயாம்."