சும்மா இருந்த கால்

இரவு இரண்டு மணி நேரம்தான் எனக்குக் கிடைத்தது.
பல்லாவரம் தாண்டி, கோழித் தீவனக் கிடங்குக்குப் பின்னால்
ஆறு கால்களில் நிற்கிறது
சிறகில்லாத வெள்ளைப் பெட்டி.
ஏறிக் கதவைச் சாத்தினால் அது விமானம்.

அதன் ஜன்னலில் ஒரு சென்னை உண்டு.
ஜி.எஸ்.டி. சாலையில் ஒரு ஆட்டோகூட ஓடாத சென்னை.
அடையாறு நாறாது.
பின் இருக்கையில் கேப்டன் டெஸ்மண்ட்
விரல் வைத்தால் மழை,
விரல் வைத்தால் பருந்து,
விரல் வைத்தால் தீ.

என் முறைக்கு அவர் விரல் வைத்தது இடது எஞ்சினில்,
இனி நிறுத்த முடியாது என்கிற வேகத்தைத்
தாண்டிய நொடியில்.

எந்தக் கால் சும்மா இருக்கிறதோ
அந்தப் பக்கத்து எஞ்சின் செத்தது.
மனப்பாடம். தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன்.
வலது காலை மிதிக்க வேண்டும்.
மிதித்தது இடது.

பரங்கிமலை சரிந்துகொண்டு வந்தது.
மலைமேல் விளக்கு கண்ணாடியின் மூலைக்கு ஏறியது.
யாரோ என் குரலில் இல்லை இல்லை என்றார்கள்.
பிறகு எல்லாம் நின்றது.

டெஸ்மண்ட் உறைய வைத்துவிட்டார்.
நூற்றிருபது அடி உயரத்தில், ஒருக்களித்து,
இல்லாத நூற்றெண்பது பேரோடு
அந்தரத்தில் அப்படியே ஒரு விமானம்.
நிஜ வானத்தில் இந்தப் பொத்தான் கிடையாது
என்று அவர் சொல்லவில்லை.
"தண்ணி குடிங்க" என்றார்.
குடித்தேன். பாதி சட்டைக்குப் போனது.

படிவத்தில் கட்டம் கட்டமாக என்னை எழுதினார்.
கையெழுத்து அத்தனை அழகு,
அதுதான் கோபம் வந்தது.
கடைசிக் கட்டத்தில்: மீண்டும்.

ரியாஸ் தேறிவிட்டான்.
என் முகம் பார்ப்பதைத் தவிர்க்க
வெகுநேரம் குனிந்து ஷூ லேஸ் கட்டினான்.
லேஸ் இல்லாத ஷூ.

"முடிஞ்சுதா?" என்று கேட்டிருந்தான் இன்பா.
"முடிஞ்சுது" என்று அனுப்பினேன்.
பொய்யில்லை.

ரயில் வரும்வரை பிளாட்பாரத்தில்
ஒவ்வொன்றாக எரிந்தன சிவப்பு விளக்குகள்:
லைசென்ஸ், வங்கிக் கடன்,
பொம்பளைக்கு எதுக்கு இது என்ற அரும்பாக்கத்துச் சித்தப்பா,
நாளை மறுநாள் பெயர் நீக்கப்படும் ரோஸ்டர்.
எல்லாம் ஒரே நேரத்தில் கத்தின.
முதலில் விமானத்தைப் பற, மணியைப் பிறகு அணை
என்பது பாடம்.
சரி, முதலில் ரயிலில் ஏறு.
ஏறினேன்.
காலிஃபிளவர் மூட்டைகளுக்கு நடுவே நின்றபடி
மாம்பலம்வரை அழுதேன், யாரும் கேட்கவில்லை.

நான்காம் நாள்தான் அவனிடம் சொன்னேன்.
திட்டவில்லை, தேற்றவில்லை.
பாத்ரூம் செருப்பு இரண்டையும் நாற்காலிமுன் வைத்தான்.
அவைதான் பெடல். குக்கர் மூடிதான் ஸ்டியரிங்.
கடுகு வெடிக்கும்போது "இடது!" என்று கத்துவான்.
பல் துலக்கும்போது "வலது!"
சிலிண்டர்காரர் மணியடித்தபோது
நான் வலது காலை ஊன்றிக்கொண்டுதான் கதவைத் திறந்தேன்.

மறுபடி அதே பெட்டி, அதே ஆளில்லாத சென்னை.
இதயம் காதுக்குள் உட்கார்ந்திருந்தது,
அதை எழுப்பி அனுப்ப எனக்கு நேரமில்லை.
இடது போனது.
என் இடது கால் சும்மா இருந்தது.
இத்தனை நாளில் அது கற்றது அதைத்தான்.
நானூறு அடிவரை கை எதையும் தொடவில்லை.
பரங்கிமலை நேராக நின்றது.

இறங்கி வரும்போது சொல்ல வேண்டிய ஒரு சொல்லை மறந்தேன்.
முன்பென்றால் அதன் பின்னாலேயே போயிருப்பேன்,
கீழே விழுந்த சில்லறையைத் தேடுகிறவள்போல.
இந்த முறை, கிடக்கட்டும்.
டெஸ்மண்ட் அதையும் எழுதிக்கொண்டார்.
கடைசிக் கட்டத்தில் வேறு வார்த்தை.

விடியவில்லை இன்னும்.
ஷேர் ஆட்டோவில் எனக்கு இருபுறமும் மார்க்கெட் பைகள்.
தலைக்குமேல் ஒன்று எழும்பிப் போனது,
நிஜமான ஆட்களோடு, நிஜமான சத்தத்தோடு.
இரண்டு எஞ்சினும் ஓடுகின்றன, கேட்டாலே தெரியும்.
ஆனாலும் என் வலது கால்
ஆட்டோவின் தகரத்தை அழுத்திக்கொண்டே இருந்தது,
அது கண்ணுக்கு மறையும்வரை.

"காலை எடும்மா" என்றாள்
மீன்கூடைக்காரி.