பதினான்காம் கேள்வி

களுவாஞ்சிகுடி நீதிமன்றத்துக்கு எதிரே
பேன்சிக் கடைக்கு மேல்மாடி.
பக்கத்துக்கு எண்ணூறு ரூபாய், முத்திரை வேறு.
சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளன் நான்.

மண்டூர்த் துறையில் பாதை சுணங்கி
வெயில் ஏறிய பிறகுதான் வந்தா பூரணவதி.
பொலித்தீன் பைக்குள் படிவம்.
தம்பியின் மகன் கனடாவில், அகதி வழக்கு.
பதினான்காம் கேள்விக்கு இவ சாட்சி:
திரும்பினால் ரிட்டாலியேஷன் நேருமென அஞ்சுகிறாரா?

பதிலடி, என்றேன்.
"அடியா? அடிச்சதில்ல மனே. வெட்டினது."

அகராதியை இழுத்தேன்.
ரிட்டாலியேஷனுக்குக் கோபம் தெரியாது,
அது கோப்பில் கிடந்து வெளிறிய சொல்.
முறைப்பாடு எழுதிய கிளார்க்கை
மகாஓயாவுக்கு மாற்றினாலும் அதுதான்.
ரிப்ரைசல் சப்பாத்துப் போட்டுக்கொண்டு வரும்.
ரெட்ரிபியூஷன் மேலிருந்து இறங்கும்,
நீதவானோ கடவுளோ
கையெழுத்து வைத்த பிறகு.
ரிவெஞ்ச், தன் கொதிப்புக்குத் தானே செய்வது.
அவெஞ்ச், இன்னொருவருக்காகச் செய்வது;
நியாயத்தின் வாடை கொஞ்சம் அடிக்கும்.

வாய்க்கால் தண்ணீர்ச் சண்டையில்
இவ புருசனை வெட்டினார்கள்.
எட்டாம் நாள் தம்பி
கத்தியோடு வரம்பேறிப் போனான்.
அப்படியென்றால் அவெஞ்ச், என்றேன்.
அக்காவுக்காகச் செய்தது.

"எனக்காக எண்டு ஆர் சொன்ன?
நான் கேக்கல்லியே."

அடித்ததை அழித்தேன்.
ரிவெஞ்ச் என்று மாற்றினேன்.

"பழி எண்டு எழுதினா என்ன?"
எழுதலாம்தான்.
ஆனால் அந்தச் சொல்
இங்கிலீசுக்குள் முழுசாய் இறங்காது.
செய்த குற்றம் ஒரு பக்கம் விழும்,
சுமத்திய சொல் ஒரு பக்கம்,
திருப்பிச் செய்த வெட்டு இன்னொரு பக்கம்.
நமக்கு மூன்றும் ஒரே பானையில் வேகிறது.

கெட் ஈவன் என்றும் ஒரு வழக்கு உண்டு.
ஈவன் என்றால் சமன்,
பரம்படித்த வயல் போல.
இரட்டை எண்ணுக்கும் அதுவே பெயர்.

"ஓம்" என்றா, வெற்றிலையை ஒதுக்கி.
"என்ட மனிசன் ஒண்டு.
கிருபைமலர்ர மூத்தவன் ரெண்டு.
அவன் வரம்புக்கே வராத பொடியன்,
சோதினைக்குப் படிச்சிட்டிருந்தவன்.
அதோட இரட்டை ஆயிற்று."

மின்விசிறி சுற்றியது.
கீழே யாரோ வளையல் விலை பேசினார்கள்.

"போன திங்கள் சீனிக் கிளினிக்குக்கு
கிருபைமலரும் வந்திருந்தா.
வாங்கெல்லாம் சனம். நான் நிண்டன்.
கொப்பியை எடுத்து மடியில வெச்சா,
தள்ளி ஒதுங்கினா,
இதில இரிகா, எண்டா.
முப்பத்தொரு வருசம் மனே.
பிறகு மாத்திரை முடிஞ்சிதெண்டு
எங்க ரெண்டு பேரையும் வெறுங்கையோட அனுப்பினாங்க."

அவ சொல்லச் சொல்ல
நான் அடித்துக்கொண்டே இருந்தேன்.
வாங்கு என்ற இடத்தில் விரல் நின்றது.
பழி, வாங்கு:
பள்ளிக்கூடம் தொட்டு எழுதிவந்தும்
அதில் இரண்டு பேர் உட்காரலாமென்று
எனக்குத் தோன்றியதில்லை.

இரண்டாம் பக்கம் நிறைந்திருந்தது.
வாசித்துக் காட்டினேன், தமிழில்.
கேட்டுவிட்டுக் கேட்டா:
"இடம் விட்டதை எழுதினா
பயமில்லையெண்டு நினைப்பாங்களா?"

நினைப்பார்கள்.

"பொடியனைத் திருப்பி அனுப்புவாங்களா?"

நான் படிவத்தைப் பார்த்தேன்.
ஆம், இல்லை. இரண்டு பெட்டி.
வாங்கு போடும் அளவுக்கு
நடுவில் இடமில்லை.

"அப்ப அந்தக் கதையை விட்டிருங்க."

சத்தியம் செய்தவன் நான்.
சொன்னதைச் சொன்னபடி
கூட்டாமல் குறைக்காமல்.

வாங்கு போயிற்று.
கொப்பி போயிற்று, மடி போயிற்று.
இரிகா என்ற சொல்லுக்கு
நேர்ச்சொல் தேடும் வேலையும் மிச்சம்.
ஆம் பெட்டியில் அடையாளம் வைத்தேன்,
முத்திரை குத்தினேன்.

இரண்டு பக்கத்துக்கு வாங்கிய காசில்
ஒரு பக்கத்துக் காசு,
எண்ணூறு ரூபாய்,
திருப்பிக் கொடுத்தேன்.
எண்ணிப் பார்க்காமல் முடிந்துகொண்டா.

"திங்கக்கிழமை திரும்ப கிளினிக்" என்றா
படியிறங்கும்போது,
என்னிடமில்லை.